பழைய டீசல் வேனும் பதினாறு பின் சாக்கெட்டும் - ஒரு குட்டி வரலாறு

1990களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் செய்த ஒரு டீசல் வேனை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி4. டேஷ்போர்டு பக்கம் தேடினால் பதினாறு ஓட்டைகளோடு ஒரு சாக்கெட் கிடைக்கும். இன்றைய கார்களில் இருக்கும் அதே சாக்கெட்தான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால் கச்சிதமாக உட்காரும். ஸ்கேனரின் விளக்கும் எரியும். ஆனால் மொபைலில் மட்டும் "வண்டியோடு தொடர்பு கிடைக்கவில்லை" என்று வரும். இத்தனைக்கும் வேன் நன்றாக ஓடுகிறது, ஸ்கேனரும் பக்கத்து வீட்டுக் காரில் நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் ஏன் இந்த மௌனம்?

இதற்குப் பதில் தேடிப் போனால் கலிஃபோர்னியாவின் புகைமூட்டம், பிரஸ்ஸல்ஸ் சட்டப் புத்தகம், ஜெர்மன் டீலர்களின் பூட்டிய அலமாரி என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. சுருக்கமாகச் சொன்னால், சாக்கெட்டின் வடிவம் வேறு, அதன் வழியாகப் பேசும் மொழி வேறு. இரண்டும் ஒரே நாளில் பிறக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்கும் சட்டம் எல்லா வண்டிகளுக்கும் வந்து முடித்து, கடைசியாகத்தான் டீசல் வேனிடம் வந்தது.

முதலில் டீசலின் பழைய குணம். மெக்கானிக்கல் பம்பு வைத்த டீசல் இன்ஜினுக்கு மின்சாரத் தேவை ரொம்பக் குறைவு. ஸ்டார்ட்டர் மோட்டார், குளிரில் ஹீட்டர் பிளக், பம்பின் மேல் டீசலைத் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு, அவ்வளவுதான். ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த சோலனாய்டுக்குப் போகும் ஒற்றை வயரில் 12 வோல்ட் இருந்தால் போதும். ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை. எவ்வளவு டீசல் போக வேண்டும், எந்த நொடியில் போக வேண்டும் என்பதையெல்லாம் பாஷ் விஇ மாதிரியான பம்புகளுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் சுழலும் எடைகளும் பார்த்துக்கொண்டன. கோளாறு வந்தால் புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள், சத்தத்தைக் கேட்பார்கள், நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைப்பார்கள். செருகிக் கேட்பதற்கு உள்ளே யாரும் இல்லை. எனவே சாக்கெட்டின் கதை பெட்ரோல் வண்டியில்தான் ஆரம்பிக்கிறது.

ஃபோக்ஸ்வாகன் 1972 மாடல் பீட்டில் கார்களிலும் வேன்களிலும் இன்ஜின் அறைக்குள் ஒரு வட்டமான சாக்கெட் வைத்தது. "கம்ப்யூட்டர் டயக்னாசிஸ்" என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் வண்டிக்குள் இல்லை! ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரிய இயந்திரத்தில்தான் இருந்தது. பேட்டரி, இக்னிஷன் முதலான இடங்களிலிருந்து வயர்களை ஒரே இடத்துக்கு இழுத்து வந்ததுதான் அந்த சாக்கெட் செய்த வேலை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. நோயாளி வாய் திறந்து பேச மாட்டார்.

வாய் திறந்து பேசியது 1980களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில். 1981இல் அந்த நிறுவனம் அமெரிக்காவில் விற்ற கார்களில் பரவலாக இன்ஜின் கம்ப்யூட்டர் வைத்தது. கூடவே 12 பின் சாக்கெட் ஒன்று. அதன் பெயரைக் கவனியுங்கள்: "அசெம்பிளி லைன் டயக்னாஸ்டிக் லிங்க்". தொழிற்சாலையில் வண்டி வரிசையாக நகரும்போது சோதிக்க வைத்த சாக்கெட். தெருமுனை மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் ஏ, பி என்ற இரண்டு பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்தால் "செக் இன்ஜின்" விளக்கு மினுக்கி மினுக்கிக் கோளாறு எண்ணைச் சொல்லும் என்பதை மெக்கானிக்குகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மினுக்கல், இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் 12. கருவியே வேண்டாம். பேப்பர் கிளிப் போதும்.

அடுத்து வந்தது சட்டம். கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் 1980களின் இறுதியில், வண்டி தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே கண்காணிக்க வேண்டும் என்றது. ஆனால் எந்த சாக்கெட், எந்த மொழி என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வடிவம் செய்தார்கள். அந்தக் குழப்பம் தாங்காமல்தான் ஓபிடி-2 வந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே சாக்கெட். மேல் வரிசையில் 8, கீழ் வரிசையில் 8, ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் குறுகலாகவும் இருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து 2 அடிக்குள் இருக்க வேண்டும். வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர எண் ஜே1962.

இங்கே ஒரு ஓட்டையை (நிஜமாகவே ஓட்டைதான்) கவனிக்க வேண்டும். பதினாறில் ஒன்பதுக்குத்தான் தரம் வேலை கொடுத்திருக்கிறது. 4, 5 எர்த். 16 பேட்டரி. 7, 15 கே-லைன், எல்-லைன். 2, 10 அமெரிக்க ஜே1850. 6, 14 கேன். மீதி 1, 3, 8, 9, 11, 12, 13 ஆகிய ஏழும் கம்பெனியின் இஷ்டம். சட்டமும் ஒரே மொழியைக் கட்டாயமாக்கவில்லை, சில மொழிகளில் ஏதாவது ஒன்றைப் பேசலாம் என்றது. கேன் மட்டும்தான் என்று அமெரிக்கா முடிவு செய்தது 2008 மாடலில்தான்.

சரி, டீசலுக்கு வருவோம். இதே சமயத்தில் ஐரோப்பாவில் டீசல் இன்ஜின் மாறிக்கொண்டிருந்தது. 1989இல் ஆடி 100 காரில் 2.5 லிட்டர் டிடிஐ இன்ஜின் வந்தது. நேரடி ஊசியேற்றம், டர்போ, அதைக் கட்டுப்படுத்த எலெக்ட்ரானிக்ஸ். 1995இல் டி4 வேனுக்கும் 2.5 டிடிஐ வந்துவிட்டது. பம்பு பார்க்கப் பழைய விஇ மாதிரியேதான் இருக்கும். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் எடையும் செய்த வேலையை இசியூவின் உத்தரவுப்படி ஒரு மின்காந்தம் செய்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து பம்புக்குப் போன கேபிள் போய், பெடலில் ஒரு சென்சார் வந்தது. இப்போது உள்ளே கேட்பதற்கு ஓர் ஆள் வந்துவிட்டார். நினைவாற்றலும் உண்டு, கோளாறு எண்களைச் சேமித்து வைப்பார். எப்படிக் கேட்பது?

அது கம்பெனிக்கு ஒரு விதம். நிஜமாகவே ஒரு மிருகக்காட்சி சாலை. ஃபோக்ஸ்வாகனில் இரண்டு பின் கொண்ட இரண்டு குட்டி சாக்கெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கறுப்பில் பேட்டரியும் எர்த்தும், மற்றதில் கே-லைன். ரெனோவில் 12 பின். பெஷோ, சித்ரோன் வண்டிகளில் 2 பின் அல்லது 30 பின். ஃபியட்டில் ஒரே வரிசையில் 3 பின், அதில் பேட்டரி பின் கிடையாது, கருவிக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து கிளிப் போட்டு எடுக்க வேண்டும். நிசானில் 14. மெர்சிடிஸ் கார்களில் பானெட்டுக்கு அடியில் 38 பின் கொண்ட பெரிய வட்டம். இன்ஜினுக்கு ஒரு பின், ஏபிஎஸ்ஸுக்கு ஒரு பின், ஏர்பேக்குக்கு ஒரு பின் என்று இசியூவுக்கு இசியூ தனி வாசல். அதே மெர்சிடிஸ் 1995இல் கொண்டுவந்த ஸ்பிரின்டர் வேனில் 38 இல்லை, 14! ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பல கம்பெனி வண்டிகளைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைவிட அடாப்டர் வயர்கள் அதிகம் இருந்ததற்கு இதுதான் காரணம்.

1996க்குப் பிறகு ஐரோப்பியக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக 16 பின் சாக்கெட்டுக்கு மாறத் தொடங்கின. அமெரிக்காவுக்கும் விற்கிறவர்களுக்கு இரண்டு விதமாகச் செய்வது வீண் செலவு. ஆனால் ஐரோப்பாவில் மொழியைப் பற்றி அப்போது சட்டம் எதுவும் இல்லை. 1998இல் வந்த 98/69 என்ற ஐரோப்பிய ஆணைதான் முதலில் பேசியது. அதுவும் படிப்படியாக. பெட்ரோல் கார்களில் புதிய மாடலுக்கு 2000, எல்லாப் புதுக் கார்களுக்கும் 2001. டீசல் கார்களுக்கு 2003, 2004. கனமான டீசல் வேன்களுக்கு 2006, 2007. ஆக 1996 வாக்கிலிருந்து 2006 வரை, சுமார் பத்து வருடம், ஐரோப்பிய டீசல் வேனில் ஓபிடி-2 மாதிரி தோற்றமளிக்கும் சாக்கெட் இருந்தும் ஓபிடி-2 பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் பத்தியில் பார்த்த மௌனத்தின் வேர் இதுதான்.

அந்த மௌனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் ரொம்ப சுவாரசியம். (எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது!) கே-லைன் என்பது ஒரே ஒரு வயர். சும்மா இருக்கும்போது அதில் பேட்டரி வோல்டேஜ் நிற்கும். பேச வேண்டியவர் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விட வேண்டும். பேச்சை ஆரம்பிக்கும்போது ஸ்கேனர் மிக மெதுவாக, நொடிக்கு 5 பிட் என்ற வேகத்தில், ஒரு முகவரியை அனுப்பும். தொடக்க பிட், முடிவு பிட் எல்லாம் சேர்த்து 10 பிட். அதாவது ஒரு முகவரியைச் சொல்ல முழுசாக 2 நொடி. அந்த முகவரி தன்னுடையது என்றால் இசியூ விழித்துக்கொண்டு, இனி இந்த வேகத்தில் பேசலாம் என்று பதில் சொல்லும். பேச்சு வேகம் பிடிப்பது அதற்கப்புறம்தான்.

சட்டப்படியான ஓபிடி ஸ்கேனர் கூப்பிடும் முகவரி 33 (ஹெக்ஸாடெசிமலில்). ஃபோக்ஸ்வாகனின் சொந்த மொழியான கேடபிள்யூபி1281இல் இன்ஜினின் முகவரி 01, ஏபிஎஸ்ஸுக்கு 03. நம் புளூடூத் ஸ்கேனர் 33, 33 என்று வாசலில் நின்று கூப்பிடுகிறது. உள்ளே இருப்பவர் பெயர் 01. அவர் ஏன் வருவார்? விழித்தாலும் பிரச்சினை தீராது. 1281 மொழியில் ஒவ்வொரு எழுத்தைச் சொன்னதும் எதிராளி அதைத் தலைகீழாக்கி (பூஜ்யத்தை ஒன்றாக, ஒன்றைப் பூஜ்யமாக) திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அடுத்த எழுத்து வரும். மலிவு ஸ்கேனர்களில் இருக்கும் இஎல்எம்327 சிப் 2005இல் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் வெளியிட்டது. (அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. ஆனால் அதன் நகல்கள் இன்னும் மலை மலையாக விற்கின்றன.) ஓபிடி மொழிகளைப் பேசச் செய்த சிப் அது. 1281 அதற்குத் தெரியாது.

இதனால்தான் பழைய டீசல் வேனில் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்கிறேன். பார்க்க வேண்டியது வேறு மூன்று விஷயம்.

முதலாவது, பேச ஆள் இருக்கிறாரா? பானெட்டைத் திறந்து பம்பைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் நேராகப் பம்பின் லீவருக்கு வந்து இழுக்கிறது, பம்புக்கு ஓரிரு வயர்தான் போகிறது என்றால் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்பு. சாக்கெட் இருந்தாலும் அது ஏபிஎஸ், ஏர்பேக் போன்றவற்றுக்காக இருக்கலாம். பம்புக்குத் தடித்த வயர் கட்டு போகிறதென்றால் எலெக்ட்ரானிக்.

இரண்டாவது, ஓட்டையை எண்ணாதீர்கள், உள்ளே இருக்கும் உலோகத்தை எண்ணுங்கள். பதினாறு ஓட்டையில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் 4, 5, 7, 16இல் மட்டும் உலோகம் தெரிகிறதா? அப்படியானால் கே-லைன் வண்டி. 6, 14 இருந்தால் கேன். 2, 10 இருந்தால் ஜே1850, ஃபோர்டு ஐரோப்பாவிலும் இதைப் பயன்படுத்தியது. கம்பெனி இஷ்டத்துக்கு விட்ட ஏழில் ஏதாவது நிரம்பியிருந்தால், அங்கே கம்பெனியின் தனிப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். ஃபியட் வண்டிகளில் இது சகஜம். இன்ஜின் 7இல் பேசும், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் வேறு பின்களில் பேசும், அதற்கென்று வண்ண வண்ணமாக அடாப்டர்கள் விற்கின்றன.

மூன்றாவதுதான் வேன்களுக்கே உரிய தலைவலி. முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள். வேன்களை இரண்டு மூன்று கம்பெனிகள் சேர்ந்து செய்து ஆளுக்கொரு பெயரில் விற்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஃபியட் டுகாட்டோ, பெஷோ பாக்ஸர், சித்ரோன் ஜம்பர் மூன்றும் ஒரே வேன், ஆனால் இன்ஜின்கள் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். ஓப்பல் மொவானோ உண்மையில் ரெனோ மாஸ்டர், அதனிடம் ரெனோ மொழியில்தான் பேச வேண்டும். 1996இல் வந்த ஃபோக்ஸ்வாகன் எல்டி, மெர்சிடிஸ் ஸ்பிரின்டரின் உடம்பை வாங்கிக்கொண்டு ஃபோக்ஸ்வாகனின் டிடிஐ இன்ஜினோடு வந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி, ஸ்கேனரைச் செருகினால் அந்நியர்கள். இன்ஜினும் இசியூவும் யாருடையது என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் தெரிந்த பிறகும் தொடர்பு வரவில்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். 16க்கும் 4க்கும் இடையே 12 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் ஃபியூஸ். பல வண்டிகளில் சிகரெட் லைட்டரும் இந்த சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும், மொபைல் சார்ஜரால் லைட்டர் போனால் சாக்கெட்டும் போகும். அடுத்து சாவியைப் போட்டுவிட்டு 7இல் பாருங்கள். கே-லைன் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூஜ்யமாகக் கிடந்தால் யாரோ அதை எர்த்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய ஃபோக்ஸ்வாகன்களில் அந்த "யாரோ" பல நேரம் வெளியில் வாங்கி மாட்டிய கார் ஸ்டீரியோ! கம்பெனி ரேடியோவுக்கும் ஒரு கே-லைன் போகும். புது ஸ்டீரியோவில் அதே இடத்தில் இருக்கும் பின் வேறு வேலைக்கானது. மாட்டியதும் மொத்த கே-லைனும் ஊமையாகிவிடும். ஸ்டீரியோவின் பிளக்கைக் கழற்றிவிட்டு முயன்றால் இன்ஜின் பேசும். டீசல் கோளாறைத் தேடுகிறவர் பாட்டுப் பெட்டியில் போய்க் கண்டுபிடிப்பது வேடிக்கைதான் :)

ஜப்பான் வேன்களின் கதை தனி. டொயோட்டா, பானெட்டுக்கு அடியில் மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி வைத்தது. எந்தப் பின் எங்கே என்று மூடியின் உட்புறத்திலேயே அச்சடித்திருக்கும், நல்ல மனசு. அதில் டிஇ1, இ1 என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் இன்ஜின் விளக்கு மினுக்கும். நிற்காமல் ஒரே சீராக மினுக்கினால் கோளாறு பதிவாகவில்லை. இல்லையென்றால் பத்து இலக்கம், இடைவெளி, ஒற்றை இலக்கம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அதே பெட்டியில் பேட்டரியின் பிளஸ் பின்னும் இருக்கிறது. அதையும் இ1ஐயும் இணைத்தால் நேரடி ஷார்ட், ஆகவே எழுத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் செருகுவது நல்லது. இலங்கையில் "டால்ஃபின்" என்று செல்லமாக அழைக்கும் ஹையேஸ் வேன்கள் ஜப்பானில் ஓடிப் பழகி இறக்குமதியானவை. அவற்றில் 3எல் இன்ஜின் வைத்தவை மெக்கானிக்கல் பம்பு, எனவே இன்ஜினிடம் கேட்க ஒன்றுமில்லை. 1கேஇசட்-டிஇ போன்ற எலெக்ட்ரானிக் டீசல்களில்தான் இந்த மினுக்கல் வித்தைக்கு வேலை. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த 1990களின் வண்டிகளில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் அமெரிக்கச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். இந்த மொழிக் குழப்பத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? ஃபோக்ஸ்வாகன் டீலரிடம் விஏஜி 1551 என்ற கருவி இருந்தது, பிரின்டரோடு. வெளி மெக்கானிக்கிடம் இல்லை. ஒரு ஹீட்டர் பிளக் ரிலே கோளாறு எண்ணைப் படிக்கக்கூட டீலரிடம் போக வேண்டும். வேன் என்பது சும்மா ஊர் சுற்றும் வண்டி இல்லை. பிளம்பரும் தச்சரும் பார்சல்காரரும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். வேன் டீலரின் வாசலில் நிற்கும் நாள் அவர்களுக்குக் கூலி இல்லாத நாள். புகைச் சட்டம் காற்றுக்காக எழுதப்பட்டது. ஆனால் தற்செயலாக மெக்கானிக்குக்கும் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வேன்காரருக்குத்தான் கடைசியில் திறந்தது என்பது என்னைப் பொறுத்தவரை அநியாயம்.

கம்பெனிகள் தாங்களாகக் கதவைத் திறக்கவில்லை. 2000 வாக்கில் அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனம் விஏஜி-காம் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒரு சாதாரண வயரும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் 01 என்று கூப்பிடலாம். அதன் 409.1 பதிப்பு இலவசமாகவே பரவி, இன்றைக்கும் சந்தையில் அந்த வகை வயரையே "409 கேபிள்" என்கிறார்கள். ஒரு மென்பொருளின் பதிப்பு எண் ஒரு வயருக்குப் பெயரானது! 2002இல் ஐரோப்பிய ஆணையத்தின் 1400/2002 விதி, தொழில்நுட்பத் தகவலையும் சோதனைக் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தர வேண்டும் என்றது. பழுது பார்க்கும் தகவலை வெளியே கொடுப்பதை 2007இன் 715/2007 விதி புகைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தது.

டி4 வேன் 1990இல் பிறந்து 2003இல் உற்பத்தி நின்றது. கனமான டீசல் வேன்களுக்கான தேதி வருவதற்கு மூன்று வருடம் முன்பே அது போய்விட்டது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற 2.5 டிடிஐ டி4 ஒன்றிடம் பேச வேண்டுமானால், 7ஆம் பின்னில், நொடிக்கு 5 பிட் வேகத்தில், 01 என்று கூப்பிட வேண்டும். 2 நொடி பொறுத்தால் பதில் வரும்.